முனிராஜப்பாவின் இடது கால்

கட்டுப் போடும் அறையை எடுத்துவிட்டார்கள் என்று போன வாரம் ரேவதி போனில் சொன்னாள். ஓசூரில் நான் இருபத்தாறு வருடம் வேலை பார்த்த நர்சிங் ஹோமில் இப்போது அவள்தான் மூத்த நர்ஸ். அந்த அறை இருந்த இடத்தில் இரண்டாவது லேசர் மெஷின் வரப்போகிறதாம்.

“இப்பல்லாம் காலைல வந்து லேசர் வெச்சுக்கிட்டு சாயங்காலம் நடந்தே போயிடறாங்க மேடம். புதுப் பிள்ளைங்களுக்குக் கட்டுப் போடவே கை வர மாட்டேங்குது. நீங்க எப்படிக் கட்டுவீங்கன்னு ஒரு நாலு பக்கம் எழுதிக் குடுங்க. நான் படிச்சுக் காட்டறேன்” என்றாள்.

எழுத உட்கார்ந்தேன். கட்டுப் போடும் முறை ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிட்டது. மிச்சப் பக்கங்களில் எதை எழுதப் போனாலும் ஒரே ஒருவருடைய கால்தான் நினைவுக்கு வந்தது. அவரைப் பற்றி நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. இப்போது எழுதிவிடுகிறேன்.

என் பெயர் ஹசீனா. சொந்த ஊர் கிருஷ்ணகிரி. தர்மபுரியில் நர்சிங் படித்தேன். படித்து முடித்த வருடமே கல்யாணம். இரண்டாவது வருடம், சூளகிரிக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலையில் நடந்த விபத்தில் கணவர் இறந்துபோனார். குழந்தை இல்லை. தம்பிகள் இருவரும் “வீட்டோட இருந்துக்கோ அக்கா” என்றார்கள். நான் ஓசூருக்கு வந்து ஒரு அறை எடுத்துக்கொண்டு வேலைக்குச் சேர்ந்தேன். என் முன்கதை அவ்வளவுதான்.

அந்த நர்சிங் ஹோமின் டாக்டர் கிருபாகரன் சேலத்துக்காரர். அறுவைச் சிகிச்சை மருத்துவர். அதிகம் பேச மாட்டார். ஓசூரில் தொழிற்சாலைகள் பெருகப் பெருக, காலைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களும் பெருகினார்கள். லைனில் எட்டு மணி நேரம் நிற்கிறவர்கள், லேத் ஓட்டுகிறவர்கள், ஓட்டல் மாஸ்டர்கள், கேட்டில் நிற்கும் வாட்ச்மேன்கள். எல்லோரும் “நரம்பு சுருட்டிக்கிச்சு டாக்டர்” என்றுதான் சொல்வார்கள். “நரம்பு இல்ல, ரத்தக் குழாய்” என்று அவர் ஒவ்வொருவரிடமும் திருத்துவார். ஒரு நாளில் இருபது பேர் சொன்னாலும் இருபது முறையும் திருத்துவார்.

யாரையும் அவர் படுக்க வைத்துப் பார்த்ததில்லை. “நிக்க வைம்மா” என்பதுதான் அவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை. இரண்டு படி வைத்த மர ஸ்டூல் ஒன்று இருக்கும். நோயாளி அதன்மேல் ஏறி நிற்க வேண்டும். டாக்டர் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு சின்ன முக்காலியில், அந்தக் கால்களுக்கு நேர் எதிரே உட்கார்ந்துகொள்வார். ஐந்து நிமிடம் நின்ற பிறகுதான் குழாய்கள் புடைத்து வெளியே தெரியும். அந்த ஐந்து நிமிடமும் அவர் எதுவும் பேசாமல் பார்த்துக்கொண்டே இருப்பார். பிறகு புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பார். முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் கட்டை விரலால் அழுத்தி, பள்ளம் எவ்வளவு நேரத்தில் மேலே வருகிறது என்று கவனிப்பார். கடைசியில்தான் கேள்வி கேட்பார். “என்ன பண்ணுது” என்று கேட்க மாட்டார். “ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் நிக்கறீங்க?” என்பார்.

விவசாயியானாலும் தொழிலாளியானாலும் அவர் சொல்லும் விளக்கம் ஒன்றுதான். “கிணத்து மோட்டாருக்கு ஃபுட் வால்வு இருக்குதில்ல? அது கெட்டுட்டா என்ன ஆவும்? ஏத்துன தண்ணி திரும்பக் கீழயே எறங்கிடும். காலுலயும் அதே மாதிரி வால்வு இருக்குது. ரத்தம் மேல போகணும். வால்வு கெட்டா கீழ எறங்கி கணுக்கால்ல தேங்கும். தேங்கித் தேங்கித் தோலு கருக்கும், அரிக்கும், கடைசில புண்ணாவும். ஆடுசதைதான் மோட்டார். நடந்தா ஓடும், நின்னா நின்னுடும்.” இதைக் கேட்டுப் புரியாதவர்களை நான் பார்த்ததில்லை.

கட்டுப் போட அவர் எனக்குக் கற்றுத்தந்த விதத்தைச் சொல்ல வேண்டும். சேர்ந்த முதல் மாதம் நான் எந்த நோயாளிக்கும் கட்டவில்லை. தினமும் காலையில் டாக்டர் தன் பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு என் முன்னால் உட்காருவார். பாதத்தை நேர்கோணத்தில் நிறுத்தி, கால் விரல்களின் அடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். முதலில் பஞ்சுச் சுருள். எலும்பு துருத்தும் இடங்களில் இரண்டு மடிப்பு. அதன்மேல் துணிக்கட்டு. அதற்கும் மேலே எலாஸ்டிக் கட்டு. குதிகால் ஒரு இடத்தில்கூட வெளியே தெரியக் கூடாது. ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூட வேண்டும். இழுப்பு எல்லாச் சுற்றிலும் ஒரே அளவில் இருக்க வேண்டும். கணுக்காலில் அழுத்தம் அதிகம், மேலே போகப் போகக் குறைவு. முழங்காலுக்கு இரண்டு விரல் கீழே நிறுத்திவிட வேண்டும். நான் கட்டிய கட்டோடு அவர் நாள் முழுக்க நோயாளிகளைப் பார்ப்பார், ஆபரேஷன் செய்வார். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு அவிழ்க்கச் சொல்லுவார்.

“பாரு, இங்க கயிறு கட்டின மாதிரி பதிஞ்சிருக்குது. மத்தியானத்துல இருந்து விரல் மரத்துப் போச்சு.”

“மத்தியானமே சொல்லியிருக்கலாமே டாக்டர்.”

“பேஷண்ட் வீட்டுக்குப் போயிட்டா யார்கிட்டம்மா சொல்லுவான்?”

ஒரு மாதம் இப்படியே போனது. கடைசி மூன்று நாட்கள் அவர் காலில் எந்தத் தடமும் இல்லை. நான்காம் நாள் நோயாளிகளை என்னிடம் அனுப்பினார். ஒரே ஒரு கட்டளை மட்டும் போட்டார். டாப்ளர் என்று பேனா போல ஒரு கருவி இருக்கும். அதைப் பாதத்தின்மேல் வைத்தால் நாடி ஓடும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்காமல், கணுக்காலிலும் கையிலும் பிரஷர் பார்க்காமல் யாருக்கும் இறுக்கிக் கட்டக் கூடாது. மேலிருந்து கீழே வரும் ரத்தமே குறைவாக இருக்கிறவனுக்குக் கட்டினால் புண் ஆறாது, கால் போய்விடும்.

நான் அங்கே போய் ஏழெட்டு வருடம் ஆன பிறகு முனிராஜப்பா வந்தார். பாகலூர்க்காரர். வயது ஐம்பதை நெருங்கியிருக்கும். ஒரு கம்பெனி கேட்டில் வாட்ச்மேன். பன்னிரண்டு மணி நேர ட்யூட்டி. இடது கணுக்காலுக்கு மேலே, உள்பக்கத்தில், உள்ளங்கை அகலத்துக்குப் புண். பதினோரு வருடமாக இருந்ததாம். காலைச் சுற்றி இரண்டு பிளாஸ்டிக் கவர்களைக் கட்டியிருந்தார். நாற்றம் வெளியே வரக் கூடாது என்பதற்காக. கவரை அவிழ்த்தபோது உள்ளே சீழ் தேங்கியிருந்தது. தோல் கருத்து, மரப்பட்டை போல இறுகியிருந்தது. கால் மேலே பருத்தும் கீழே சூம்பியும், தலைகீழாகப் பிடித்த பாட்டிலைப் போல இருந்தது.

நான் கையுறை போட்டுக்கொண்டு குனிந்ததும் அவர் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“வேணாம் சிஸ்டர். நானே தொடச்சிக்கறேன். ரொம்ப வாடை.”

“நான் தினமும் பாக்கறதுதானே. நீட்டுங்க.”

நீட்டினார். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் காலைக் கழுவினேன். விரல் இடுக்கு, குதிகால் வெடிப்பு எல்லாம் துடைத்துவிட்டு உலர்ந்த தோலுக்கு எண்ணெய் தடவினேன். அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லையென்று தலையை மட்டும் அசைத்தார்.

டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். சின்ன வயதில் முனிராஜப்பா தொடை எலும்பு முறிந்து மாதக்கணக்கில் படுத்திருந்திருக்கிறார். அப்போது உள் குழாயில் ரத்தம் உறைந்து, வால்வுகள் எல்லாம் கெட்டுப்போயிருந்தன. ஆபரேஷன் செய்தும் பயனில்லை. கட்டு ஒன்றுதான் வழி. வாரம் ஒரு தடவை வர வேண்டும். இடையில் அவிழ்க்கக் கூடாது. தூங்கும்போது கால் உயரமாக இருக்கும்படி கட்டிலின் கால்மாட்டில் இரண்டு செங்கல் வைக்க வேண்டும்.

“வியாழக்கெழம எனக்கு லீவு. அன்னிக்கு வரேன்” என்றார் முனிராஜப்பா.

வியாழக்கிழமை பத்து மணிக்கு வருவார். கழுவி, துடைத்து, மருந்து வைத்துக் கட்டி முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். முதல் சில வாரங்கள் பேசவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினார். வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் கன்னடம், கேட்டில் தமிழ். மூன்றையும் கலந்துதான் பேசுவார். மனைவி இறந்துவிட்டார். மகன் பெங்களூரில் இருக்கிறான், வருவதில்லை. அண்ணன் வீட்டோடு இருக்கிறார். வீட்டோடு என்றால் வீட்டுக்குள் இல்லை. ரோஜாத் தோட்டத்தின் ஓரமாக இருக்கும் மோட்டார் ரூமில்.

“வாடைக்கு யாரும் பக்கத்துல வர மாட்டாங்க சிஸ்டர். தட்ட வாசல்ல வெச்சிட்டுப் போவாங்க. பஸ்ல உக்காந்தா பக்கத்து சீட்டு காலி ஆயிடும். அதனால கடைசிப் படிக்கட்டுலயே நின்னுட்டு வந்துடுவேன்.”

“நிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரில்ல?”

“அதுக்கு உக்காரச் சொல்றவங்க வேணுமில்ல?”

நானும் பேசினேன். என் அறையின் குழாயில் தண்ணீர் வராததை, சின்னத் தம்பிக்கு நிச்சயம் ஆனதை எனக்குக் கடைசியில் சொன்னதை, நோன்பு நாளில் தனியாக உட்கார்ந்து நோன்பு திறப்பதை. அவர் காலில் கண்ணை வைத்துக்கொண்டு பேசுவதால் சுலபமாக இருந்தது. வேலை நேரத்தில் பேசிய பேச்சு என்றுதான் அதை நினைத்துக்கொண்டிருந்தேன்.

புண் ஆற ஆரம்பித்தது. மாதம் ஒரு தடவை ஒரு பிளாஸ்டிக் தாளைப் புண்ணின்மேல் வைத்து, அதன் விளிம்பைப் பேனாவால் வரைந்து ஃபைலில் சேர்ப்போம். உள்ளங்கை அளவிலிருந்து எலுமிச்சம்பழ அளவுக்கு வந்தது. எட்டாம் மாதம் ஒரு ரூபாய் நாணயத்தின் அளவுக்கு வந்தது. நாற்றம் சுத்தமாக இல்லை. டாக்டரே அந்தத் தாள்களை வரிசையாக மேஜைமேல் பரப்பி வைத்துப் பார்த்தார்.

அதற்குப் பிறகு ஆறவில்லை. அடுத்த மாதம் எலுமிச்சை அளவுக்குப் பெரிதானது. கால் வீங்கியிருந்தது. மறுபடி கட்டிக் கட்டிச் சுருக்கினோம். நாணய அளவுக்கு வந்ததும் மறுபடி பெரிதானது. மூன்றாம் முறையும் அப்படியே ஆனது. சீழைப் பரிசோதித்தோம். புதிய கிருமி இல்லை. பழைய புண்களில் சில சமயம் புற்றுநோய் வரும் என்று விளிம்பில் துளி சதை எடுத்து அனுப்பினார் டாக்டர். அதிலும் ஒன்றும் இல்லை. இப்படியே மூன்று வருடம் ஓடிவிட்டது.

ஒரு நாள் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“ஹசீனா, எல்லாத்தையும் பாத்தாச்சு. பாக்காதது உன் கட்டு ஒன்னுதான்.”

எனக்கு முகம் சுட்டது. “நான் எப்பவும் கட்டற மாதிரிதான் கட்டறேன் டாக்டர்.”

“தெரியும். இருந்தாலும் பாத்துடலாம். இந்த வாரம் கட்டி முடிச்சதும் முழங்கால்ல இருந்து பாதம் வரைக்கும் மார்க்கர்ல ஒரு நேர்கோடு போடு. கட்டு நழுவினா எங்க நழுவுதுன்னு தெரிஞ்சுடும்.”

அந்த வியாழக்கிழமை கட்டின்மேல் நீல மார்க்கரால் கோடு இழுத்தேன். “இதென்னா சிஸ்டர்?” என்றார் முனிராஜப்பா. “கட்டு நழுவுதான்னு பாக்க” என்றேன்.

அடுத்த வியாழக்கிழமை பேன்ட்டைச் சுருட்டியபோது கோடு கோடாக இல்லை. துண்டு துண்டாக, ஒரு சுற்றில் முன்னாலும் அடுத்த சுற்றில் பின்னாலும் நீலம் சிதறிக் கிடந்தது. நழுவின கட்டு அப்படி இருக்காது. அவிழ்த்து மறுபடி சுற்றியிருந்தால்தான் அப்படி இருக்கும்.

“இதை அவுத்தீங்களா?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“எப்ப அவுத்தீங்க?”

“சனிக்கெழம.”

“எப்பக் கட்டினீங்க?”

“இன்னிக்குக் காலைல. பஸ்ஸுக்கு முன்னாடி.”

“ஒவ்வொரு வாரமுமா?”

“எல்லா வாரமும் இல்ல. ரொம்பச் சின்னதா ஆயிட்டா மட்டும்.”

“என்னாத்துக்கு இப்படிப் பண்ணீங்க? மூணு வருஷம்! மூணு வருஷமா நான் தரையில உக்காந்து கட்டறேன்.”

அவர் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்: “ஆறிப்போச்சுன்னா வியாழக்கெழம நான் எங்க சிஸ்டர் போறது?”

அந்த நேரத்தில் நான் எப்படி நடந்திருக்க வேண்டும் என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை. டாக்டர் என் கட்டைச் சந்தேகப்பட்டதுதான் என் மனதில் எரிந்துகொண்டிருந்தது. “ஆஸ்பத்திரி என்ன உங்களுக்குப் பொழுதுபோக்கற இடமா? காலை எடுக்க வேண்டி வந்தா என்ன பண்ணுவீங்க? உங்களால எனக்குத்தான் கெட்ட பேரு” என்று கத்திவிட்டேன். வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் எழுந்தார். கட்டாத காலோடு, பேன்ட்டைக் கீழே இறக்கிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். நான் கூப்பிடவில்லை.

டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். “சரி, உன் கட்டுல தப்பு இல்ல” என்றார். எனக்கு அதில் கொஞ்சம்கூடச் சந்தோஷம் வரவில்லை.

அடுத்த வியாழக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. பத்து மணிக்கு அறைக் கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தேன். அந்த மாதம் என் சின்னத் தம்பிக்குப் பையன் பிறந்தான். அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. வாரத்தில் ஆறு நாளும் ஐம்பது அறுபது பேரைப் பார்க்கிறேன், அவர்களில் ஒருவரிடம்கூடச் சொல்ல வரவில்லை. அப்போதுதான் யோசித்தேன், மூன்று வருடமாக நான் யாரிடம் பேசிக்கொண்டிருந்தேன் என்று.

ஐந்தாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை டாக்டர் போன் செய்தார். “முனிராஜப்பா வரலைல்ல? அட்ரஸ் இருக்குதா? கெளம்பி இரு, வண்டி எடுத்துட்டு வரேன்.” அவர் ஒரு நோயாளியைத் தேடிப் போனது எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான்.

பாகலூர் தாண்டி, ரோஜாத் தோட்டங்களுக்கு நடுவே மண் பாதையில் போனோம். அண்ணன் மனைவி வாசலில் நின்றபடியே கையைக் காட்டினார். மோட்டார் ரூமுக்குள் நுழைந்ததும் அந்தப் பழைய நாற்றம் முகத்தில் அடித்தது. முனிராஜப்பா கட்டிலில் கிடந்தார். ஜுரம் கொதித்தது. முழங்கால் வரை கால் சிவந்து, தொட முடியாமல் வீங்கியிருந்தது. கட்டிலின் கால்மாட்டில் இரண்டு செங்கற்கள் இருந்தன. அவற்றை அவர் எடுக்கவே இல்லை. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்துவிட்டு டாக்டரிடம், “சிஸ்டர எதுக்குக் கூட்டிக்கிட்டு வந்தீங்க? இங்க ஒரே வாடை” என்றார்.

“நாந்தான் வந்தேன். எந்திரிங்க” என்றேன்.

காரின் பின் சீட்டில் படுக்க வைத்து, அவர் காலை என் மடிமேல் உயர்த்தி வைத்துக்கொண்டு ஓசூர் வந்து சேர்ந்தோம். பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். முதல் மூன்று நாள் விஷம் ரத்தத்தில் ஏறிவிடுமோ, காலை எடுக்க வேண்டி வருமோ என்று டாக்டரே பயந்தார். ஊசி மருந்தை மாற்றினார். நான்காம் நாள் சிவப்பு குறைந்தது. அன்று அவர் படுக்கை ஓரமாக டாக்டர் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“ஆறினா வரக் கூடாதுன்னு உங்ககிட்ட யாராவது சொன்னாங்களா?”

“சொல்லல. ஆனா ஆறினவங்க யாரும் வர்றதில்லையே.”

“உங்களுக்கு வால்வு போனது போனதுதான். புண்ணு ஆறினாலும் காலம் பூரா இறுக்கமான சாக்ஸ் போடணும். அது சரியா இருக்குதான்னு பாக்கணும். மூணு மாசத்துக்கு ஒருக்கா வரணும்.”

“மூணு மாசமா?”

“வாரா வாரம் வந்து காட்டிட்டுப் போகட்டும் டாக்டர்” என்றேன் நான். “வியாழக்கிழமை.”

டாக்டர் என்னைப் பார்த்தார். பிறகு கேஸ் ஷீட்டில் ‘வாரம் ஒரு முறை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஏழு மாதத்தில் புண் முழுக்க மூடியது. கடைசியாக வரைந்த தாளில் வரைவதற்கு ஒன்றும் இல்லை. தேதியை மட்டும் எழுதி ஃபைலில் சேர்த்தேன். வீட்டுக்குள் அவருக்குத் தட்டு வைத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். அவராகச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் கத்தியதற்கு மன்னிப்பும் கேட்கவில்லை. பல வியாழக்கிழமைகளில் கேட்க நினைத்து, சாக்ஸை இழுத்துவிட்டு, “சரியா இருக்குது” என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

அப்படி எத்தனையோ வருடம் வந்தார். பிறகு டாக்டருக்குக் கை நடுக்கம் வந்தது. ஆபரேஷனை நிறுத்தினார். கொஞ்ச நாளில் சேலத்துக்கே போய்விட்டார். அங்கேதான் காலமானார். புதிதாக வந்த டாக்டர் லேசரில் கெட்டிக்காரர், நல்ல பையன். ஆனால் கூட்டம் பெருகியது. ஆறின காலுக்கு வாரா வாரம் எதற்கு என்று அவர் கேட்டது நியாயம்தான். முனிராஜப்பாவே புரிந்துகொண்டார். “புதுசா வர்றவங்களுக்கு எடம் வேணும் சிஸ்டர். பர்வாலேது, நான் நல்லாத்தான் இருக்கேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவில்லை. ஒரு வருடம் கழித்து நானும் ஓய்வு பெற்றேன்.

ஓய்வு பெற்ற பிறகு ஓசூரிலேயே அதே அறையில் இருந்துகொண்டேன். காலையில் எழுந்தால் போவதற்கு ஒரு இடம் இல்லை. முதல் மாதம் பஸ் ஸ்டாண்டு வரை போய் நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறேன். இரண்டாவது வருடம் என் இடது கால் கனக்க ஆரம்பித்தது. சாயங்காலமானால் வீங்கியது. ஆடுசதையில் குழாய் புடைத்தது. கணுக்காலுக்கு மேலே கருப்பாக ஒரு திட்டு வந்தது. இருபத்தாறு வருடம் நின்ற கால். அடுத்தது என்ன என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நானே கட்டிப் பார்த்தேன். பிறர் காலில் அத்தனை சீராக வரும் இழுப்பு, குனிந்து என் காலில் கட்டும்போது வரவே இல்லை.

பழைய இடத்துக்கே போனேன். புது டாக்டர் ஸ்கேன் பார்த்துவிட்டு, உள் குழாய் நன்றாக இருக்கிறது, மேல் குழாயை லேசரில் சுட்டு அடைத்தால் போதும், ஒரு நாள் வேலைதான் என்றார். ரேவதி ஃபார்மை எடுத்தாள். “கூட ஒருத்தர் வரணும் மேடம். அவங்க கையெழுத்து வேணும்.”

தம்பிகளிடம் சொன்னேன். வருகிறோம் என்றார்கள். ஒரு தேதியில் பெரியவனுக்கு மாங்காய் லோடு இருந்தது. இன்னொரு தேதியில் சின்னவன் வீட்டில் விசேஷம். மூன்றாவது தேதியை நானே சொல்லவில்லை. இரண்டு மாதம் அப்படியே போனது. கருப்புத் திட்டில் அரிப்பு ஆரம்பித்தது.

ஒரு நாள் காலையில் பாகலூர் பஸ் ஏறினேன். அவர் உயிரோடு இருக்கிறாரா என்பதுகூட எனக்குத் தெரியாது. தோட்டத்தில் ரோஜாவைக் கட்டுக்கட்டாக அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. லுங்கிக்குக் கீழே இடது காலில் சாக்ஸ் தெரிந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். முகத்தைப் பார்க்காமல் என் காலைத்தான் பார்த்தார்.

“எவ்ளோ நாளா சிஸ்டர்?”

“ஒரு வருஷமா.”

“முன்னாடியே போய்க் காட்டறதுக்கு என்னா?”

“கூட வர ஆள் இல்ல.”

“என்னிக்கு?” என்றார்.

லேசர் வைக்கிற அன்றைக்கு எனக்கு முன்பே வந்து நர்சிங் ஹோம் வாசலில் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். ரேவதி ஃபார்மை நீட்டினாள். பெயரைக் கன்னடத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“பேஷண்டுக்கு நீங்க என்ன உறவு ஐயா?”

முனிராஜப்பா யோசித்தார். என்னைப் பார்த்தார்.

“பேஷண்டுன்னு போடும்மா” என்றார்.

“பேஷண்டு அவங்க ஐயா.”

“இல்லம்மா. நான் அவங்களோட பேஷண்டு.”

ரேவதி என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். அப்படியே எழுதினாள்.

ஒரு மணி நேரத்தில் முடிந்தது. காலில் இறுக்கமான சாக்ஸை மாட்டிவிட்டு, அரை மணி நேரம் நடக்க வேண்டும் என்றார்கள். லேசர் வைத்தவுடன் நடந்தால்தான் உள்ளே ரத்தம் உறையாது. வராந்தாவில் நடந்தேன். முனிராஜப்பா என் கைப்பையை வைத்துக்கொண்டு ஓரடி பின்னால் நடந்து வந்தார். இரண்டாவது சுற்றில், மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று நின்று திரும்பினேன்.

“அன்னிக்கு நான் உங்களை அப்படிக் கத்தினது...”

“நிக்காதீங்க சிஸ்டர்” என்றார். “நடங்க.”